நவம்பரில் வந்த இருவர்

"வேணாம் மாப்ளே. இந்தக் கதையை நான் ஏற்கெனவே பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு அத்தான் டிவியை அணைத்தார்.

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணி எண்டாமுகோங் சூ என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்திருந்தது. முந்தின நாள்தான் லின்வல் ஜோசஃபை எடுத்திருந்தார்கள். சூவுக்கு 35 வயது, ஜோசஃபுக்கு 34. இருவருக்குமே பதின்மூன்றாவது சீசன். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து அன்றுவரை எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். 1998-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தவர். நான் 2009-இல் வந்தேன். இந்த ஊரில் எனக்கு ஃபுட்பால் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, அக்கா போட்டுத் தரும் வாழைக்காய் பஜ்ஜியோடு நான் பார்த்த ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வயதான தடுப்பாட்டக்காரரை எடுக்கலாமா கூடாதா என்ற அந்தப் பேச்சு எங்களுக்குள் இன்றுவரை முழுதாக முடியவில்லை. என் பக்கத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு முறை பந்து கைமாறி ஆட்டம் தொடங்குவதையும் ஸ்னாப் என்பார்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி அறுபது, எழுபது ஸ்னாப் தடுத்தாட வேண்டியிருக்கும். தடுக்கும் அணியின் முன்வரிசையில், பந்துக்கு நேர் எதிரே, நட்டநடுவில் ஒருவர் குனிந்து நிற்பார். அவர்தான் நோஸ் டாக்கிள். 150 கிலோ இருப்பார். பந்தோடு ஓடுகிறவனைப் பிடிப்பதைவிட, எதிரணியின் இரண்டு பேரைத் தன் மேலேயே இழுத்து வைத்துக்கொள்வதுதான் அவருடைய முதல் வேலை. அவர் இரண்டு பேரைத் தாங்கினால் பின்னால் நிற்கும் நம் ஆள் ஒருவன் தடையில்லாமல் ஓடிவந்து பந்துக்காரனைப் பிடிப்பான். பெயரும் கைதட்டலும் பிடித்தவனுக்கு. நடுவில் தாங்கியவருக்குப் புள்ளிவிவரத்தில் ஒரு கோடுகூட விழாது.

நான் திருநெல்வேலிக்காரன். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வரும்போது எல்லோரும் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள், சாமியைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து, சரியான நேரத்தில் முட்டுக்கட்டையைச் செருகுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்த நடு ஆளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

ஈகிள்ஸ் அந்த வருடம் டிராஃப்டின் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது) முதல் சுற்றில், பதின்மூன்றாவது ஆளாக, ஜோர்டன் டேவிஸ் என்ற ஜார்ஜியா பல்கலைக்கழகப் பையனை இந்த வேலைக்காகவே எடுத்திருந்தது. ஆறடி ஆறு அங்குலம். அவன் நடுவில் நின்ற வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. அக்டோபர் 30 அன்று பிட்ஸ்பர்க்குடன் ஆடும்போது கணுக்காலில் அடிபட்டு வெளியே போனான். நான்கு நாள் கழித்து ஹூஸ்டன் அணி எங்களை மிதித்துக்கொண்டு 168 கெஜம் ஓடியது. ஹூஸ்டன் அந்த வருடத்தின் மிக மோசமான அணிகளில் ஒன்று. ஆட்டத்தை நாங்கள்தான் வென்றோம், 29-17. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நடுவில் கதவு திறந்து கிடப்பது மற்ற எல்லா அணிக்கும் தெரிந்துவிட்டதே!

நவம்பர் 14, திங்கட்கிழமை இரவு வாஷிங்டன் வந்தது. அதுவரை 8 ஆட்டம், 8 வெற்றி. வாஷிங்டன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 49 முறை பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். மூன்று கெஜம், நான்கு கெஜம், மறுபடி மூன்று கெஜம். ஆட்டத்தின் 60 நிமிடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். 32-21. சீசனின் முதல் தோல்வி. இரண்டு நாளில் ஜோசஃப் வந்தார், மூன்றாம் நாள் சூ.

அத்தானுக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், 2011. அந்தக் கோடையில் ஈகிள்ஸ் நாடெங்கும் பெயர்பெற்ற ஆட்களையெல்லாம் வரிசையாக வாங்கியது. முப்பது வயதான நம்டி அசமுவாவுக்கு ஐந்து வருடத்துக்கு 60 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மாற்று குவார்ட்டர்பேக்காக வந்த வின்ஸ் யங் இதைக் கனவு அணி என்று சொல்லப்போக, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சீசன் முடிந்தபோது 8 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃப் என்னும் நாக்அவுட் சுற்றுக்கே போகவில்லை. அந்த வருடம் அத்தான் ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்த்தார். "பேரை வாங்கினா ஆட்டம் வராது மாப்ளே" என்று இப்போதும் சொல்வார். அந்தக் காயம் உண்மையானது. இந்த ஊரில் அவர் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. சூவின் மேல் பழைய கெட்ட பெயர். 2011 தேங்ஸ்கிவிங் நாளில், டெட்ராய்ட்டுக்காக ஆடியபோது, கீழே கிடந்த கிரீன் பே ஆட்டக்காரரைக் காலால் மிதித்து இரண்டு ஆட்டத் தடை வாங்கியவர். அதை நேரலையில் பார்த்தபோது எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் அன்று நான் எடுக்கலாம் என்றேன். காரணம் என் தொழில். நான் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க முட்டியும் முதுகும் தோளும் பார்க்கிறவன். உடம்புக்கு வயதாவது எல்லாப் பக்கமும் ஒரே சீராக நடப்பதில்லை. முதலில் போவது வேகம். சட்டென்று வெடித்து எழும் அந்த விசை. நிதானமான பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நாற்காலியிலிருந்து விருட்டென எழ முடியாத அறுபது வயதுக்காரர், மெதுவாகச் செய்யச் சொன்னால் காலால் நல்ல எடையைத் தள்ளுவதை வாரம்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் ஓரத்தில் ஓடி ஆடும் கார்னர்பேக்குக்கு 32 வயதென்றால் பயப்பட வேண்டும். நடுவில் நின்று தாங்குகிறவருக்கு 35 வயதென்றால், கொஞ்சம் பொறுங்கள், அவரிடம் என்ன வேலை கேட்கிறோம் என்று பார்ப்போம் என்பேன். குனிந்த இடுப்பு, எதிராளியின் நெஞ்சில் கை வைக்கும் இடம், அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்ற கணிப்பு எல்லாம் அங்கே வயதோடு கூடுகிற விஷயங்கள்.

வயதானவருக்கு உண்மையில் கஷ்டம் தருவது அடிக்குப் பின் தேறும் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆடிய உடம்பு இருபத்திரண்டு வயதில் புதன்கிழமை தேறிவிடும். முப்பத்தைந்தில் வெள்ளிக்கிழமையும் வலிக்கும். அப்புறம் மறுபடி ஞாயிறு. ஜூலை முகாமில் தொடங்கி ஜனவரி வரை இப்படி அடுக்கினால் டிசம்பரில் அந்த ஆள் காலியாகிவிடுவார். சூவும் ஜோசஃபும் அந்த முகாமுக்கும் போகவில்லை, முதல் பத்து வாரத்தின் அடியையும் வாங்கவில்லை. நவம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை ஆடினால் போதும். அதுவும் எல்லா ஸ்னாப்பும் இல்லை. தடுப்பின் முன்வரிசையில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவது வழக்கம்தான். இருபது ஸ்னாப் என்றால் இருபதுதான்.

ஆளைப் பார்த்தும் சொன்னேன். சூ அதுவரை ஆடிய பன்னிரண்டு சீசனில் காயத்துக்காக ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. விட்ட இரண்டும் அந்த 2011 தடைக்காக. 2020-இலும் 2021-இலும் டாம்பா பே அணியில் தலா ஆறு சாக். சாக் என்றால் எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியும் முன்பே வீழ்த்துவது. கான்சாஸ் சிட்டியை 31-9 என்று வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் மட்டும் ஒன்றரை சாக். அவருடைய அப்பாவுக்குக் கேமரூன் நாடு. பெயருக்கு அந்த மொழியில் ஈட்டிகளின் வீடு என்று அர்த்தமாம். கொள்ளுத்தாத்தாவின் பெயர். ஜோசஃப் கரீபியனில் செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர். நியூயார்க் ஜயன்ட்ஸோடு ஏற்கெனவே ஒரு கோப்பை வென்றவர். சூவின் பேரைப் பார்த்து அத்தான் முகம் சுளித்தபோது, ஜோசஃப்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள் என்று நான் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த முட்டுக்கட்டை வேலையைத்தான்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்றார் அத்தான்.

நவம்பர் 20, இண்டியானாபொலிஸ். சேர்ந்து மூன்று நாள்தான். கோல்ட்ஸ் அணி முதல் தொடரிலேயே ஜானதன் டெய்லரைப் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடவிட்டு டச்டவுன் போட்டது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோல்ட்ஸுக்கு டச்டவுன் கிடைக்கவில்லை. பந்தை உதைத்து எடுத்த மூன்று ஃபீல்டு கோல், அவ்வளவுதான். ஒருமுறை சூவும் ஜோசஃபும் இரண்டு பக்கமிருந்தும் வந்து கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் மேட் ரையனைச் சேர்ந்தே வீழ்த்தினார்கள். ஆளுக்கு அரை சாக். நான் எழுந்து நின்று கத்தியதில் அக்கா மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டாள். 17-16. கடைசி நேரத்தில் ஹர்ட்ஸ் ஓடி எடுத்த டச்டவுனில் ஜெயித்தோம். எனக்கு அந்த 16 தான் முக்கியமாகப் பட்டது.

டிசம்பர் 4-இல் டேவிஸ் திரும்பி வந்தான். அன்று எதிரே டென்னஸி. ஓடுவதில் அந்தக் காலத்தின் பெரிய ஆள் டெரிக் ஹென்றி. பதினொரு முறை ஓடி 30 கெஜம். ஒரு மாதத்துக்கு முன் திறந்து கிடந்த கதவு அது.

அந்த சீசன் முடிவில் ஈகிள்ஸ் 70 சாக் எடுத்திருந்தது. ஹாசன் ரெடிக் 16. பிராண்டன் கிரேயம், ஜோஷ் ஸ்வெட், ஜவான் ஹார்கிரேவ் மூவரும் தலா 11. ஒரே அணியில் நான்கு பேர் பத்துக்கு மேல் எடுத்தது என்.எஃப்.எல். லீகின் வரலாற்றில் அதுவரை நடந்ததில்லை. இதில் சூவின் கணக்கு ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் அவர் வந்ததில் என்ன லாபம் என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். முன்வரிசையின் உள்பக்கம் ஆடும் ஹார்கிரேவும் ஃப்ளெட்சர் காக்ஸும் நவம்பரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. பத்து கெஜம் முன்னேற எதிரணிக்கு நான்கு தடவை கிடைக்கும்; அதில் முதல் இரண்டு தடவையில் அவர்கள் ஓடும்போது அதைத் தாங்கும் முரட்டு வேலையை இந்த இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தடவையில் குவார்ட்டர்பேக்கைத் துரத்த ஹார்கிரேவ் தெம்பான காலோடு இறங்கினார். இதை எண்ணால் நிரூபிக்க என்னால் முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

சூப்பர் பவுல். 2023 பிப்ரவரி 12, அரிசோனாவில். பாதியில் 24-14 என்று முன்னிலை. அப்புறம் கான்சாஸ் சிட்டிக்கு இரண்டாம் பாதியில் பந்து கிடைத்த நான்கு முறையும் புள்ளி எடுத்தார்கள். நான்கு முறையும். 38-35. எழுபது சாக் எடுத்த அணி அன்று ஒரு சாக்கூட எடுக்கவில்லை. கணுக்கால் வலியோடு நொண்டிக்கொண்டு அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் நட்டநடு வழியாகவே 26 கெஜம் ஓடினார். தரை வழுக்கியது என்றார்கள். வழுக்கியது இரண்டு அணிக்கும்தானே. அன்றிரவு காரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

அத்தான் அன்று "பார்த்தியா" என்று சொல்லவில்லை. பல மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்து வைக்கும்போது, வேறு ஒன்றைச் சொன்னார். "அந்த மில்டன் வில்லியம்ஸ் பையன் ஆடவேண்டிய ஸ்னாப்பைத்தானே மாப்ளே அவங்களுக்குக் கொடுத்தாங்க?"

அது என்னை உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது. வில்லியம்ஸ் 2021-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த பையன். ஒரு வயதானவரைக் கூட்டி வந்தால் சம்பளம் மட்டும் செலவல்ல. சூ மாதிரி ஆட்களுக்கு நடு சீசனில் கொடுக்கும் சம்பளம் இந்த லீகில் பெரிய தொகையே இல்லை. இளையவன் ஒருவன் தப்பு செய்து கற்றுக்கொள்ளும் இருபது ஸ்னாப்தான் உண்மையான விலை. இரண்டு வருடம் கழித்து, 2025 பிப்ரவரி 9-இல், அதே மஹோம்ஸ், அதே கான்சாஸ் சிட்டி. இந்த முறை 40-22, எங்களுக்கு. ஆறு சாக். ஸ்வெட் இரண்டரை, வில்லியம்ஸ் இரண்டு, டேவிஸ் ஒன்று, ஜேலிக்ஸ் ஹன்ட் அரை. நால்வரில் ஒருவருக்கும் அன்று 28 வயது ஆகியிருக்கவில்லை. வில்லியம்ஸ் மஹோம்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டபோது நான் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

அதற்காக 2022-இல் சூவையும் ஜோசஃபையும் எடுத்தது தப்பா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அன்று டேவிஸ் இல்லை. வில்லியம்ஸின் உடம்பு நடுவில் நின்று இரண்டு பேரைத் தாங்குகிற உடம்பும் இல்லை. இடைவெளியில் நுழைந்து பாய்கிற உடம்பு. அவனை அங்கே நிறுத்தியிருந்தால் கற்றுக்கொள்ள மாட்டான், முதுகை உடைத்துக்கொள்வான். எட்டு ஆட்டம் தொடர்ந்து வென்ற அணி, அந்த வாய்ப்பு மறுபடி எப்போது வருமோ தெரியாது, நடுவில் ஒரு ஓட்டை. அடைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். அந்த நிலையில் பொது மேலாளர் ஹௌவி ரோஸ்மன் செய்ததை நானும் செய்திருப்பேன். அடுத்த சீசனுக்கு அவர்களை வைத்துக்கொள்ளாமல், ஏப்ரலிலேயே ஜேலன் கார்ட்டரை ஒன்பதாவது ஆளாக எடுத்ததும் அதே புத்திதான். 2011-இல் அப்படி இல்லை. அப்போது ஜூலையிலேயே, ஓட்டை எது என்றே தெரியாமல், வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டார்கள்.

சூ அதற்குப் பிறகு ஆடவேயில்லை. 2025 ஜூலையில் முறைப்படி ஓய்வு அறிவித்தார். ஜோசஃப் அடுத்த நவம்பரில் பஃபலோ அணிக்குப் போனார், அதற்கடுத்த வருடம் டாலஸுக்கு. டாலஸ் எங்களுக்கு ஆகாத அணி. இருந்தாலும் அவர் ஆடுவதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

2025-இல் இதே கேள்வி திரும்ப வந்தது. செப்டம்பரில் ஈகிள்ஸ் ஸடேரியஸ் ஸ்மித்தை எடுத்தது. 33 வயது ஆகப்போகிறவர். ஓரத்திலிருந்து பாய்கிறவர். ஐந்து ஆட்டம் ஆடினார். அக்டோபர் நடுவில் திடீரென்று ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது உடம்பு என்ன சொல்கிறது என்பது அவரவருக்குத்தான் தெரியும். அது என் மேசைக்கு வருகிறவர்களிடம் தினமும் கேட்கிற கதை. ஆனால் வயதானவரை எடுக்கிற அணி அந்தக் காலையையும் சேர்த்தே எடுக்கிறது. அதற்கு மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரமே பிராண்டன் கிரேயம் திரும்பி வருகிறார் என்றார்கள். 37 வயது. சூவை டெட்ராய்ட் எடுத்த அதே 2010 டிராஃப்டில் ஈகிள்ஸ் எடுத்த ஆள். பதினைந்து சீசன் இதே அணியில். 2018 பிப்ரவரியில் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு இந்த ஊருக்கு முதல் சூப்பர் பவுல் கோப்பையை உறுதி செய்தவர். 2024-இல் கையின் பின்தசை கிழிந்து, கடைசி ஆட்டத்துக்காகத் திரும்பி வந்து, அதிலும் மறுபடி கிழித்துக்கொண்டு, மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வு பெற்றவர். ஒருமுறை கிழிந்து ஒட்டிய தசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டுமுறை கிழிந்தது என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். செய்தியைப் படித்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

அன்றிரவு அத்தான் ஃபோன் செய்தார். கிரேயம் என்றால் அவருக்கு உயிர். 2018-இல் ஊர்வலம் போனபோது கடும் குளிரில் பிராட் ஸ்ட்ரீட்டில் மணிக்கணக்காக நின்றவர். சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன்.

"எத்தனை ஸ்னாப் கொடுப்பாங்க மாப்ளே?" என்றார்.

"தெரியல அத்தான். பதினைஞ்சு, இருபது வரைக்கும் தாங்குவார்னு நினைக்கிறேன்."

"உள்ளே நிறுத்துவாங்களா, ஓரத்திலயா?"

"ரெண்டும் மாத்தி மாத்தி இருக்கும். உள்ளே நின்னா வேகம் அவ்வளவு தேவைப்படாது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் அக்கா குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

"இருபதுன்னா சரி" என்றார். "ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்துரு."